நாலு விரல் இடைவெளி

சிதம்பரம்
3.6.2024

அன்புள்ள மச்சான் கார்த்திகேசனுக்கு,

உத்திராபதி எழுதுவது. போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம் என்று, "எழுதிக் கேளுங்க, பேச வேணாம்" என்றுவிட்டாள் உன் அக்கா இளவரசி.

இட்லிக் கடைக்குப் பின்னால் புதுச் சமையல் கொட்டகை போட்டிருக்கிறேன். தகரக் கூரை, பலகைச் சுவர். விறகுப் புகையில் இளவரசிக்கு ஒரே இருமல். அடுப்பின் புகைக்குழாயைச் சுவர் வழியாக வெளியே விட வேண்டும்.

ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. பழைய கொட்டகையில் நீ வைத்த குழாய் பதினோரு மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு டிசம்பரில் சுவர் எப்படிப் பற்றியது? பற்றுவதென்றால் முதல் நாளே பற்றியிருக்க வேண்டாமா? அவள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நீ வர வேண்டாம். வழியை மட்டும் எழுது.

உத்திராபதி

செம்மண்டலம்
2.7.2024

மாமாவுக்கு வணக்கம்.

ஒரு மாதம் தாமதித்ததற்குக் காரணம் உங்கள் கேள்விதான். என் பட்டறை அடுப்பில் அதே மாதிரிக் குழாய் வைத்து, நாலு விரல் தள்ளி ஒரு மாம்பலகையைக் கட்டினேன். தினமும் போய்ப் பார்ப்பேன். "பலகைக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று என் பெண்டாட்டி தைலம்மாள் கேலி செய்கிறாள். முதல் வாரம் ஒன்றுமில்லை. நாலாம் வாரம் டீ நிறம் வந்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. தீ தொடாமலே, வெறும் சூட்டில் மரம் மெல்லக் கருகுகிறது. அப்புறம் கொஞ்சம் சூடே போதும், பற்றிக்கொள்ளும்.

குழாயைச் சுற்றி நாலு பக்கமும் ஒன்றரை அடி பலகையை அறுத்தெடுத்துச் செங்கல் கட்டுங்கள். குழாய் செங்கலுக்கு நடுவே போகட்டும். சுவருக்குள் குழாயின் இணைப்பு வரக்கூடாது. வெளியே போகப் போகக் குழாய் மேலேற வேண்டும்.

அன்று நான் விட்டது நாலு விரல்தான். தப்பு என்னுடையது மாமா. ஆறு மாதமாக இல்லை, இல்லை என்று கத்தினேன்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. சுற்றிலும் காற்று ஓடுவதால் என் பலகை கருகியதே தவிரப் பற்றவில்லை. உங்கள் சுவரில் அந்த இடைவெளி திறந்துதானே இருந்தது?

கார்த்திகேசன்

சிதம்பரம்
20.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

திறந்து இல்லை. ஐப்பசி மழையில் சாரல் அடித்தது. கோணிச்சாக்கைச் சுருட்டி இடைவெளியில் திணித்தது நான்தான். தீ அணைந்ததும் சாம்பலில் முதலில் அதைத்தான் தேடினேன். ஒரு துண்டு கிடந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஊரெல்லாம் உன் வேலையைக் குறை சொன்னேன். அக்கா வீட்டுக்கே வராதே என்று உன்னிடம் சொன்னேன்.

நேற்று இளவரசியிடம் ஒப்புக்கொண்டேன். "அவன்கிட்ட சொல்லுங்க, எங்கிட்ட எதுக்கு?" என்றாள்.

செங்கல் வந்துவிட்டது. சுண்ணாம்பில் கோடும் போட்டுவிட்டேன். சுவரை அறுக்கக் கை வரவில்லை. இருமிக்கொண்டேதான் சமைக்கிறாள். வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

உத்திராபதி

செம்மண்டலம்
24.7.2024

மாமாவுக்கு,

கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுத மாட்டேன்.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் போட்ட கோடு சரியாக இருக்காது, நானே அளக்கிறேன். எல்லாம் கட்டி, காய்ந்த பிறகு ஒரு நாள் அடுப்பை ஒரு மணி நேரம் எரிப்போம். செங்கலை ஒட்டின பலகையில் நீங்கள் கையை வைத்து நில்லுங்கள். எடுக்காமல் நிற்க முடிந்தால், அப்புறம் நாம் போனிலேயே பேசிக்கொள்ளலாம்.

அக்காவிடம் எனக்கு எட்டு இட்லி சொல்லுங்கள்.

கார்த்திகேசன்