உப்போடு தங்கிய தண்ணீர்

அன்புள்ள தேவயானிக்கு,

நீயும் அத்தையும் நலமா? இங்கே சின்ன விஷயம்தான், பயப்படாதே. இன்சுலின் தொடங்கியதில் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனால் கால் வீங்கி, மைன்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் பூட்ஸே நுழையவில்லை. பிரஷரும் ஏறிவிட்டது.

"இன்சுலின் போட்டா சில பேருக்குக் கிட்னி உப்பை வெளிய விடாதுங்க. உப்போட தண்ணியும் தங்கிடும். அதுக்காக ஊசிய நீங்களா நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டர்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"குவார்ட்டர்ஸ்ல கூட யாருங்க இருக்காங்க? உடனே அட்மிட் ஆவணும்."

நீ ஊரில் இருப்பதைச் சொல்லாமல், மனைவி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

கருவாடு, ஊறுகாய் அனுப்பாதே. பெரிய செருப்பாக ஒன்று வாங்கிக்கொண்டு நீயே கிளம்பி வா.

ஊருக்கு வரும், என்னோடு வேலை பார்க்கும் செபாஸ்டின் இதை வாங்கிப்போக வார்டு வாசலில் நிற்கிறான். போனில் பேசினால் எனக்கு மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன்,
முத்துவேலன்