மரத்தரைதான் வேண்டும் என்றீர்கள்

ஞாயிறு காலை

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் நம் மகளும் சுகம். வாலு என்று நீங்கள் வைத்த பெயரை அவள் நன்றாகவே காப்பாற்றுகிறாள், பள்ளிக்கூடத்திலிருந்து இந்த வாரம் மட்டும் இரண்டு புகார். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பீர்கள், நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் சுரங்கத்தில் சிக்னல் போய்விடும். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சொன்னபடி புதுச் சமையலறைக்கு மரத்தரை பார்க்கப் போன வாரம் கடைக்குப் போனேன். நீங்கள் வரைந்து கொடுத்த படத்தைக் கடைக்காரர் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், கடைசியில் "இது ரூமாம்மா, காத்தாடியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின் சந்து சாய்வாகப் போகிறது, ஒரு அடி நிலத்தைக்கூட விட மனசில்லாமல் என் வீட்டுக்காரர் சந்தை ஒட்டியே சுவரை எழுப்பிவிட்டார், அதனால் அந்த ஒரு மூலை மட்டும் இடுங்கிக் கூராக நிற்கிறது என்று விளக்கினேன். மலையைக் குடைகிறவருக்கு வெளிச்சத்தில் நேர்கோடு வராது என்றும் சொல்லி வைத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பலகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் கண்ணும் ஓடுமாம். சந்துச் சுவரை ஒட்டிப் பதித்தால் பழைய வீட்டுப் பக்கம் வெட்டு முனைகள் பல்லிளிக்கும். பழைய வீட்டுச் சுவரை ஒட்டிப் பதித்தால் கோணலெல்லாம் அந்தக் கூர் மூலைக்குள் ஒதுங்கிவிடும், அங்கே மாவு டின்னை வைத்து மறைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். மரத்தில் வெளிர் ஓக்கா, தேக்கா என்று ஒரு மணி நேரம் நின்றேன். மாதிரித் துண்டுகளில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், சாவியால் கீறியும் பார்த்தேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் தேக்குதான். கறை தெரியாது.

இந்தத் தெருவில் யார் வீட்டுச் சமையலறையிலும் மரத்தரை இல்லை, எல்லாம் கல்தான். நீங்கள் மட்டும் மூன்று முறை சொன்னீர்கள், கல் வேண்டாம், மரம்தான் வேண்டும் என்று. கல்லில் நின்றால் என் கால் விறைத்துப் போகுமாம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீங்கள் என் காலைப் பற்றிக் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் இரண்டு நாள் இதையே பெருமையடித்தேன்.

கடையிலிருந்து வந்த தச்சர் பேச்சில் கஞ்சன். காதில் பென்சில், கையில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம். இந்த மூலைக்கு மூலைமட்டம் உதவாது என்று, மெல்லிய பிளைவுட்டில் மூலையை அப்படியே அளவெடுத்து மாதிரி அச்சு ஒன்று வெட்டிக்கொண்டார். பலகை ரூம் காற்றுக்குப் பழக இரண்டு வாரம் உள்ளேயே கிடக்க வேண்டுமாம். கட்டுக் கட்டாக அந்த மூலையில் அடுக்கியிருக்கிறோம். போகும்போது, இதற்கு அடியில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். பழைய கிணறு, போன வருஷம் நான் அக்காவின் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது என் வீட்டுக்காரர் எட்டு லாரி மண் அடித்து நிரப்பிவிட்டுத்தான் கட்டினார் என்றேன். தலையாட்டினார். ஏனோ அந்த மூலையை மறுபடி குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். எட்டு லாரிதானே? பதிலில் ஒரு வரி எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் கால் விறைக்கப் போகாத உங்கள் மனைவி


புதன்கிழமை, மத்தியானம்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் பதில் வந்தது. "தரை போட்டாச்சா? சீக்கிரம் போடச் சொல்லு" என்று இரண்டே வரி. லாரியைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு எழுத்தும் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தரை போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படியுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தச்சர் வந்து, தன் மாதிரியை வைத்துப் பலகைகளை அறுத்தார். மூலையில் வைத்தால் ஒரு விரல் இடைவெளி. "செவுரு சரியில்லம்மா" என்கிறார். தப்பாக அறுத்துவிட்டுச் சுவர் மேல் பழி போடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறதே என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புதிதாக இன்னொரு மாதிரி வெட்டி மூலையில் இடுக்கில்லாமல் பொருத்திக் காட்டினார். அதன் விளிம்பை ஒட்டிச் சிமெண்ட் தரையில் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் எழுதிவிட்டுப் போனார்.

நேற்று மறுபடி வந்தார். ஆறு நாள்தான் ஆகியிருந்தது. கோட்டில் வைத்த மாதிரிக்கும் சுவருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. "பலகை வளரவும் இல்ல, தேயவும் இல்லம்மா. செவுருதான் நகருது" என்றார். அவரும் நானுமாக எல்லாப் பலகைகளையும் வெளியே தூக்கி வைத்தோம். அடுப்பைப் பழைய சமையலறைக்கே கொண்டுவந்துவிட்டேன். புது ரூமின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

கை கழுவிக்கொண்டே தச்சர், மரத்தரை யாருடைய யோசனை என்று கேட்டார். என் வீட்டுக்காரருடையது, என் கால் விறைக்காமல் இருக்க என்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். பிறகு, "கல்லு கனம்மா. மரம் லேசு" என்றார். என் காலுக்காகக் கேட்டதில்லை அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்றுச் சாயந்திரமே தையல்காரம்மாவிடம், போன வருஷம் எங்கள் வீட்டுக்கு மண் லாரி வந்ததா என்று கேட்டேன். அவர் நாள் முழுக்க ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருப்பவர், அவர் கண்ணுக்குத் தப்பி இந்தச் சந்தில் பூனைகூடப் போகாது. "லாரியா? இந்தச் சந்துல சைக்கிளே மூச்சப் புடிச்சுக்கிட்டுதான் போகணும். தெருமுனையில கொட்டி ஒரு கூடை மண்ணுகூட யாரும் சுமந்து வரல" என்றார்.

மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே இது நிற்கும், இது சரியும் என்று சொல்கிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கிணற்றை நிரப்பினீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். பாத்திரம் உருண்டால்கூட ஓடிப்போய் அந்தக் கதவைப் பார்க்கிறேன். வாலு ஓடி வரும் சத்தம் கேட்டாலும் மெதுவாக நட என்று கத்துகிறேன், அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. நான் மிகவும் பயந்து போயிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நம் வாசல் கதவில், பூட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது. திறக்காதீர்கள். முதலில் நின்று முழுவதும் படியுங்கள்.

உங்கள் செய்தி நேற்று போனில் வந்தது. "கிளம்பிட்டேன். தச்சர உள்ள விடாதே. யார்கிட்டயும் சொல்லாதே." நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. அதிலிருந்து போனையும் அணைத்து வைத்திருக்கிறீர்கள். என் வாய்க்குப் பயந்துதான் என்று தெரியும்.

தச்சரை உள்ளே விட்டேன். அந்த மூலையில் தரைக்கும் சுவருக்கும் நடுவே இப்போது நீளமாக ஒரு வெடிப்பு. தையல்காரம்மா கொடுத்த நூல்கண்டில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி அவர் வெடிப்புக்குள் இறக்கினார். நூல் போனது, போய்க்கொண்டே இருந்தது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இழுத்தபோது கடைசி இரண்டு முழம் நனைந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முழுக் கிணற்றைச் சமையலறையில் மறைத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்று காலை நகராட்சி இன்ஜினியர் வந்து பார்த்தார். கிணற்று வாயில் போட்ட கான்கிரீட் ஸ்லாப் விரிந்துவிட்டது, அது உள்ளே போனால் பழைய வீட்டுச் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும், ஒரு மணி நேரத்தில் காலி செய்யுங்கள் என்றார். துணிகளை மூட்டை கட்டிக்கொண்டே, அந்த ரூம் பக்கம் போகாதே என்று வாலுவிடம் கத்தினேன். "தெரியும்மா. அந்த மூலையில ஸ்கிப்பிங் ஆடக்கூடாதுன்னு ஊருக்குப் போறப்பவே அப்பா சொன்னாரு" என்றாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அந்த ரூமில் நின்று நான் ஏழு மாதம் சமைத்திருக்கிறேன். என் காலுக்கடியில் தண்ணீர் இருந்திருக்கிறது.

நின்று திரும்பக்கூட இடமில்லாத சமையலறை என்று உங்களை நச்சரித்தவள் நான். நாற்பது நாள் லீவுக்குள், நான் அக்கா வீட்டிலிருந்து திரும்புவதற்குள், கட்டி முடித்துக் காட்ட நினைத்தீர்கள். எனக்காகத்தான் செய்தீர்கள். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் இப்போது என் பயமெல்லாம் உங்களைப் பற்றித்தான். உங்களை எனக்குத் தெரியாதா? வீட்டில் யாரும் இல்லை என்றதும், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று முட்டுக் கொடுக்க நான்கு கட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த மூலைக்குத்தான் போவீர்கள். இதைவிடப் பெரிய மலையையே தாங்கி நிறுத்தியிருக்கிறேன் என்பீர்கள். அங்கே உங்களோடு இருபது பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஓடி வருவார்கள். இங்கே நீங்கள் கூப்பிட்டால் கேட்க நானும் இல்லை.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வாருங்கள். நான் திட்டுவேன். அக்கா முன்னாலேயே திட்டுவேன், சோறு போட்டுக்கொண்டே திட்டுவேன். ஆயுசுக்கும் திட்ட இருக்கிறது. அதையெல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு நீங்கள் வேண்டும்.

கதவைத் தொடாதீர்கள் அத்தான். வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி