வழிக்குச் சாப்பாடு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கேயும் எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அக்கா போன் போட்டால் வேலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி வருகிறது, நான் போட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் இன்று உன் ஊருக்கு விமானம் ஏறும் நம் தெரு டைல்ஸ்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரித்துப் படிக்கிறவரை நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் படி.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம். இனி மருந்துக்கு வேலையில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதை அப்பா காதில் விழாமல் அக்காவும் நானும் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். வெல்டிங் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று பட்டறையை ஒட்டிய அறையிலேயே கட்டில் போடச் சொன்னார், போட்டோம். எல்லாவற்றையும் நம் மாப்பிள்ளை ஒரு நொடியில் போட்டு உடைத்தார். தங்கமான மனுஷன்தான், ஆனால் கல்யாணத்துக்கு முன் சர்ச் வாசலை மிதிக்காதவர். பங்குச் சாமியார் அவருக்குப் போன் செய்து வழியுணவு கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் ஏதோ பயணத்துக்குப் பொட்டலம் கட்டித் தருகிறார் என்று நினைத்து, நாங்க எங்கேயும் போகல சாமி, வீட்லயே சமைச்சாச்சு என்று பதில் சொல்லிவிட்டு, அப்பா கட்டில் பக்கத்திலேயே நின்று, அத்தை, சாமியார் வழிக்குச் சாப்பாடு கொண்டு வர்றாராம் என்று என்னிடம் உரக்கச் சொன்னார்.

நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். வாராவாரம் பூசையில் வாங்குவதை நாம் நன்மை என்போம், பிரசங்கத்தில் நற்கருணை என்பார்கள். அதே அப்பத்தை, இனிப் பிழைக்க மாட்டார் என்று ஆனவருக்குக் கொண்டு வந்து கொடுத்தால் அதற்குப் பேர் வழியுணவு. அப்பம் ஒன்றுதான், வாங்குகிறவர் கிளம்புகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவுக்கு இது தெரியாதா? அப்ப எனக்கு டிக்கெட் போட்டாச்சா என்று சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நேற்று சாமியார் வந்தார். அப்பத்தை வாயருகே கொண்டுபோனதும் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். நீ போனதிலிருந்தே அவர் நன்மை வாங்குவதில்லை, எல்லாரும் வரிசையில் போனால் இவர் பெஞ்சிலேயே இருப்பார், முழங்கால் வலி என்பார், நானும் நம்பித் தைலம் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தேன். நேற்றுதான் வாயைத் திறந்தார். பட்டறை ஆளுங்க முன்னாடி பெத்த பிள்ளையத் தண்டச்சோறுன்னு சொன்னேன் சாமி, அவன் மனசு ஆறாம நான் எப்படி இதை வாங்குவேன் என்றார். ஆண்டவர் மன்னிச்சுட்டார் ஐயா என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். நான் ஆண்டவரையா திட்டினேன், அவனைத்தானே திட்டினேன் என்கிறார். இந்த மனுஷனிடம் யார் பேசி ஜெயிப்பது. சாமியார் நாளை சாயங்காலம் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் காலையிலிருந்து கரண்டித் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கச் சிரமப்படுகிறது, நாளைக்கு அதுவும் இறங்குமோ இறங்காதோ என்று கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பு அவர் மேல்தான், நான் மறுக்கவில்லை. அந்த வார்த்தை உன்னை எப்படிச் சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னையும் சுட்டது. ஆனால் நீயும் லேசுப்பட்டவன் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவன்தானே. உங்கள் வீம்பில் அவர் வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

நேரத்துக்குத் தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படித்த கையோடு போன் போடு, நான் அவர் காதில் வைக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் உன் வாயில் வராது, நீ அவர் பிள்ளை. சாப்டீங்களாப்பா என்று மட்டும் கேள். அவர் வாயைத் திறப்பார்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அம்மா