யாருக்குத் தொண்டை கட்டியது?

லண்டன்
15.03.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், இருமல் மட்டும் போகவில்லை.

நேற்று ஜெயித்துவிட்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கே ஓபராவில் பாடிய கல்யாணமான பெண்களைப் பற்றிய என் டாக்டர் பட்ட ஆய்வுக்கு நேற்றுத்தான் வாய்மொழிப் பரீட்சை. தோற்றிருந்தால் ஐந்து வருடமும் வீண். கிளாரா என்ற பாடகியின் கடிதங்கள் எல்லாம் கணவர் பெயரில் இருப்பதால், எல்லாம் அவர் முடிவுதான் என்று பரீட்சகர் அடித்துச் சொன்னார். நான் ஒரு கடிதத்தை வாசித்தேன்: "எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வியாழக்கிழமை பாட முடியாது." கீழே கணவரின் கையெழுத்து. அவர் ஒருநாளும் பாடியவர் அல்ல.

அதைக் கண்டதும் நம் குருவிட்ட ரப்பர் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. தொழிலாளர் சங்கத் தலைவரான அப்பாவின் பெயரில் துரைக்கு நீங்கள்தானே மனு எழுதுவீர்கள். தம்பி டெனிஸ்டன் உங்கள் வயிற்றில் இருந்தபோது, "எனக்குப் பிரசவ லீவு வேண்டும்" என்று எழுதிவிட்டீர்கள். அப்பா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் கேட்டாராமே, "என்னா தலைவரே, எத்தன மாசம்?"

இதையும் சொன்னேன். பரீட்சகர் சிரித்தார். பிறகு எழுந்து கைகொடுத்து, "டாக்டர்" என்றார்.

மீன் குழம்புக்குப் போட கொஞ்சம் கொரக்காப் புளி அனுப்புங்கள். மீன் கிடைக்கிறது, ஒருத்திக்கு மட்டும் சமைக்கத்தான் மனம் வருவதில்லை. பார்சலில் விலாசம் எழுத டெனிஸ்டனை விடாதீர்கள். நீங்களே எழுதி, அனுப்புபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்
பிலோமினா