கிளையில் தொங்கிய கமரா

செப். 5, ஞாயிறு

வெயில். கடற்காற்று துளியும் இல்லை. கொட்டாஞ்சேனை முழுக்க வெந்துகொண்டிருக்கிறது.

நேற்று இரவு வில்பத்துக் காட்டிலிருந்து வந்து சேர்ந்தோம். காலைப் பூசை தவறிவிட்டது. பை பிரித்தேன். அழுக்குத் துணி, தொப்பி இரண்டு, மிச்ச பிஸ்கட், ரெஜியின் சீனி வருத்தக் குளிசைகள். கமரா இல்லை.

திரும்பவும் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே, ஃபிரிட்ஜுக்குப் பின்னால், இருக்க வழியே இல்லாத இடமெல்லாம். இல்லை.

ரெஜி: "நல்லாப் பாரும் ஜெசி." பிறகு கொஞ்சநேரத்தில்: "சரி விடும். பழைய சாமான்தானே."

இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் நான். இவர் "விடும்" என்றால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். மத்தியானம் சாப்பிட்டது அரைக் கோப்பைச் சோறு.

வெள்ளிக்கிழமை இவருக்குக் கண் ஆபரேஷன். இடது கண் எப்போதோ போய்விட்டது. இப்போது வலதும். டொக்டர் "செய்துதான் பார்க்கவேணும்" என்றார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பயணமே. பார்வை இருக்கும்போதே காட்டைப் பார்க்கவேணும், தன் கையால் படம் எடுக்கவேணும் என்று பிடிவாதம். ஒரு முழு ரோல் எடுத்தார். ரோட்டில் சிறுத்தை படுத்திருந்தபோது மூச்சுக்கூட விடவில்லை.

அந்தப் படங்களை வெள்ளிக்கு முன் அவர் பார்க்கவேணும். அதற்குப் பிறகு கிடைத்து என்ன பிரயோசனம்?

செப். 6, திங்கள்

புதுக்கடை ஒபிசுக்கு அரைநாள் லீவு. வக்கீல் ஐயாவின் வழக்குக் கடிதங்கள் டைப் பண்ணாமல் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

போன்கள்:
- தங்கின விடுதி. இல்லையாம்.
- தேத்தண்ணி குடித்த கடை. இல்லை.
- ஜீப்காரர் சுனில். சீற்றைக் கழற்றியே பார்த்துவிட்டாராம். நல்ல மனிதர்.

பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா வந்து நின்றாள். "அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து. துலைஞ்ச சாமானுக்கு அவரை விட்டா ஆர்?" கோயிலுக்குப் போனேன். காற்றுக்கு நெருப்புக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்க வேண்டுமென்று ஹேண்ட்பேக்கைக் கம்பியில் மாட்டினேன்.

மாட்டின கை அப்படியே நின்றுவிட்டது. இதைத்தானே அங்கேயும் செய்தேன்!

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம். போகிற ஜீப்காரரெல்லாம் நிறுத்தி, பச்சைக் கொப்பொன்று முறித்து அதன் கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். காட்டுக்காவல் தெய்வத்துக்கு. போகும்போது சுனில் என்னிடமும் ஒரு கொப்பு நீட்டினார். நாங்கள் வேதக்காரர், வேண்டாம் என்று பெரிய மனுசியாட்டம் சொன்னேன். உள்ளே தனியன் யானை ஒன்று ஜீப்பைத் துரத்தியது. அப்போது நான் கத்தினதில் எல்லாச் சாமியும் இருந்தார்கள். வெளியே வரும்போது ரெஜி கமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டார். அந்த மரத்தடியில் நானாகவே ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். நன்றி சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொப்பு முறியவில்லை, ஒரே நார். கமரா நெஞ்சில் இடித்தது. கழற்றிக் கிளையில் மாட்டினேன். கொப்பைத் திருகி முறித்தேன், தொங்கவிட்டேன், சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டேன், ஏறி வந்துவிட்டேன்.

மெழுகுதிரியை முடித்துவிட்டு ஓடிவந்து சுனிலுக்குப் போன். நாளை போய்ப் பார்ப்பாராம்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

செப். 7, செவ்வாய்

புழுக்கம். பாண், பருப்பு. ஒபிசில் இரண்டு கடிதத்தில் கட்சிக்காரர் பெயரை மாற்றி அடித்துவிட்டேன்.

பின்னேரம் சுனிலின் போன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் போடுகிறேன், என்னை அழைக்கும் 'நோனா'வைத் தவிர.

"இருக்கு நோனா. அங்கேயே தொங்குது."

"எடுத்து ஆரிட்டயாவது குடுத்துவிடுங்கோ, புண்ணியமாப் போகும்."

"அது ஏலாது நோனா."

"ஏன்?"

"அந்தக் கிளையில தொங்கினா அது தெய்வத்துக்குக் குடுத்த சாமான். ஊர்ல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. அதுதான் மூணு நாளாகியும் களவு போகல. நானும் கை வைக்க மாட்டன். நோனா வைச்சது. நோனா வந்து எடுங்க."

கெஞ்சினேன். சத்தம் போட்டேன். மனிதர் அசையவில்லை. கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர்க்காரர் சுனிலைப்போல இல்லாவிட்டால் கமரா எப்போதோ போயிருக்கும்.

இதற்குமேல் மறைக்க முடியாது. ரெஜியிடம் எல்லாம் சொன்னேன்.

"கொப்புக் கட்டினீரா? நீரா?" சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர. ஞாயிறுக்குப் பிறகு முதல் சிரிப்பு. உடனே முகம் மாறியது. "தனியப் போகவேணாம். செக்பொயின்ற்றில என்ன சொல்லுவீர்? காட்டுக்குள்ள கமரா தேடிப் போறன் எண்டா?"

"ஓம். அப்பிடித்தான் சொல்லுவன்."

"மழை வந்திருந்தா ரோலும் போயிருக்கும் ஜெசி."

"போயிருந்தா அதையும் பாத்துட்டு வாறன்."

நாளைக்கு முதல் பஸ். பிலோமினா அக்கா இவருக்குச் சாப்பாடு பார்ப்பாள்.

செப். 8, புதன்

மாதாவின் பிறந்தநாள். பூசைக்கு இந்த வருடம் மட்டம். மாதா மன்னிக்கவேணும்.

பஸ்ஸில் யன்னல் சீற். சிலாபம் வரைக்கும் பக்கத்து மனுசன் என் தோளில் தூங்கினான்.

செக்பொயின்ற். அடையாள அட்டை. பெயர், கொட்டாஞ்சேனை, தனியாக எங்கே போகிறீர்கள்? உள்ளதைச் சொன்னேன். என் சிங்களம் இரண்டு இடத்தில் சறுக்கியது. ஆமிக்காரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், "கொப்புத் தொங்கவிட்டீங்களா?" ஓம் என்றேன். "அப்ப இருக்கும்," என்று அட்டையைக் கையில் தந்துவிட்டான்.

சந்தியில் சுனில் ஜீப்போடு நின்றார். மரத்தடியில் இறங்கினேன். முதலில் கண்ணில் படவில்லை. எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அதன் மேலேயே கொப்புத் தொங்கவிட்டிருந்தார்கள். காய்ந்ததும் பச்சையுமாக ஒரு கூரை. அதற்குக் கீழே கமரா, தூசியோடு. மழை பெய்யவில்லை.

கழுத்துப் பட்டியில் வெள்ளைத் துணி முடிச்சுகள். சில்லறையை முடிந்து நேர்ந்திருக்கிறார்கள். யார் யாரோ. "இவ்வளவு பெரிய சாமானைக் குடுத்த மனுசிக்கு என்ன கஷ்டமோ எண்டு ஊர்ல கதைச்சாங்க நோனா," என்றார் சுனில். எனக்கு அழுகை வந்துவிட்டது. கஷ்டம் என்னவென்று அவருக்குச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கமரா உங்கட. எடுங்க. ஆனா முடிச்சு மத்தவங்கட."

பட்டியைக் கழற்றி அப்படியே கிளையில் விட்டேன். முடிச்சுகளைத் தொடவில்லை. கமராவைச் சேலைத் தலைப்பில் சுற்றி, வரும் வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன். பிள்ளை பெத்தவள் போல.

வீட்டு வாசலில் அவர் தடவிப் பார்த்தார், மூடியை, வில்லையை. "பட்டி எங்க?" என்றார். சொன்னேன். "நல்லது," என்றார்.

செப். 9, வியாழன்

ஒபிசுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்.

வெள்ளவத்தை ஸ்டூடியோ. இவர் வேறு எங்கும் படம் கழுவக் கொடுக்க மாட்டார். காத்திருந்தேன். கடைக்காரர் உறையை நீட்டினார். முகம் சரியில்லை. "ரோலுக்கு ஒண்டுமில்லை மெடம். ஃபோகஸ்தான்."

எல்லாமே மங்கல். யானை ஒரு சாம்பல் குவியல். மயில் நீலக் கறை. சிறுத்தை எது, மண் எது? ஒரு படம்கூடத் தேறவில்லை. அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பி, சரி வந்துவிட்டது என்று நம்பி நம்பி அமத்தினது என் கண் முன்னால் நிற்கிறது.

பஸ்ஸில் பொய் தயார் பண்ணினேன். ரோல் வெயிலில் பழுதாம், ஒன்றும் விழவில்லையாம். பம்பலப்பிட்டி வருவதற்குள் மனப்பாடம். கோட்டையில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

வீட்டில் அவர் சவரம் செய்து, சுத்தமான ஷேர்ட் போட்டு, மேசை விளக்கை எரித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. உறையைக் கொடுத்தேன்.

ஒவ்வொன்றாக வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். அவசரமே இல்லை. நான் சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

நான் குனிந்து படத்தைப் பார்த்தேன்.

"உமக்கு மங்கலாத் தெரியும், என்ன?"

"ஓம்."

"எனக்கு அண்டைக்கும் இப்பிடித்தான் தெரிஞ்சது." சிறுத்தைப் படத்தை என் கையில் வைத்தார். "நல்லாப் பாரும். நான் பாக்கிறது இதுதான்."

பார்த்தேன். கிளாஸைத் தட்டிவிட்டதற்கு, படியில் இடறினதற்கு, பிலோமினா அக்காவை நான் என்று நினைத்துக் கூப்பிட்டதற்கு, எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் எப்போதாவது சொன்னாரா? பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமும் என்ன என்று அவர் சொன்னார். ஒன்றிலும் பிழை விடவில்லை.

செப். 10, வெள்ளி

விடியவே தூறல். வெறும் வயிறு. குளிசை இல்லை.

பை: சாரம் இரண்டு, துவாய், சோப்பு, தண்ணீர்ப் போத்தல், டொக்டர் தந்த கடிதம்.

"படங்களையும் வையும்," என்றார்.

"அங்க எதுக்கு?"

"டொக்டருக்குக் காட்ட. எனக்கு எவ்வளவு தெரியுது எண்டு வாயால சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. இதைக் காட்டி, இதுக்கு மேல ஒரு சொட்டுத் தெரிஞ்சாலும் எனக்கு அது போதும் எண்டு சொல்லும்."

வைத்தேன். த்ரீவீல் வந்துவிட்டது.