போர் தண்ணீரை டெஸ்டுக்கு எடுத்துப் போ

சண்முகப்ரியா,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைக்கூட நம்புவதில்லை. அறிவியல் ப்ராஜெக்டுக்கு உங்கள் டீமுக்கு ஊரில் வேறு விஷயமா இல்லை? நம் வீட்டு போர்வெல் தண்ணீர்தான் கிடைத்ததா?

நேற்று தண்ணீர் பிடிக்க வந்த உன் டீம் பிள்ளைகளை விரட்டினேன். "நல்ல தண்ணின்னு நீதானே சொல்லிக்கினு இருப்ப, அப்புறம் இன்னா பயம் தாத்தா?" என்று கேட்டாய். உன்னிடமும் கத்தினேன்.

கிட்னி கெட்டுச் செத்தானே உன் அப்பன், அவன் படுக்கையில் விழுவதற்கு முந்தின வருஷம் சொன்னான்: "கம்பெனில கேன் தண்ணிதாம்பா. வூட்டுக்கும் போட்டுக்கலாம்." வாசலுக்கு வந்த கேனைத் திருப்பி அனுப்பியவன் நான்.

பாட்டிலில் பிடித்து அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன், எடுத்துப் போ. யார் வீட்டுத் தண்ணீர் என்று டீச்சரிடம் சொல்லாதே. ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிடு. சாவி மீட்டர் பெட்டி மேல்.

தாத்தா

இன்னொன்று. முடிவு வந்தால் உன் அம்மாவிடம் சொல், எனக்குப் படித்துக் காட்டாதே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷம் அதே தண்ணீரைக் குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. வாட்ச்மேன் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.