முந்நூறு வீரர்களும் பழுப்பு மையும்

அன்பு மனைவிக்கு,

எட்டு மாதமாக நான் வண்ணம் தீட்டிய முந்நூறு ஈயப் போர்வீரர்கள்மேல், இந்த விடுதியில் என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரன் என்னைக் கேட்காமல் பழுப்பு மையைக் கரைத்துப் பூசிவிட்டான். மற்றபடி நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பழைய அரசர் காலத்துப் படை அது. ஒவ்வொரு வீரனும் அரை விரல் உயரம்தான். யாரிடமும் கற்காமல் அத்தனை முகத்துக்கும் கண் வைத்திருந்தேன்.

"எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி முழிச்சாங்க பெரியவரே, அதான் பூசினேன்" என்றான்.

நான்கு நாளாக அவனோடு பேச்சில்லை. இங்கே பேச வேறு ஆளும் இல்லை.

நேற்று அந்த மையைச் சுரண்டிவிடலாம் என்று எல்லாரையும் மேசையில் அடுக்கினேன். சற்றுத் தள்ளி நின்று பார்த்ததும் கை ஓடவில்லை. மை பள்ளங்களில் தங்கி நிழலாகிவிட்டது. சட்டை மடிப்பும் கேடய விளிம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. படை நடந்தே வருகிறது! என்ன கை அவனுக்கு! இதை நானாகப் போய் அவனிடம் சொல்ல மாட்டேன்.

அவன் வரும் சத்தம் கேட்கிறது. நீ என் தடித்த கண்ணாடியை அனுப்பு, கூடவே நான்கு வரி எழுது. இந்தப் படையை வைக்க மகன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்யட்டும். சமையல்காரன் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்ட கையோடு, நான் அடுத்துத் தீட்டப்போகும் குதிரைப்படைக்கும் அவனே மை பூச வேண்டும்.